சேமஅச்சும் தேடுவிளக்கும்

வேட்டையைப் பற்றி எழுதியவர்கள் துப்பாக்கியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா, எத்தனை கஜ தூரத்தில் குறி வைப்பது, மரத்தில் பரண் கட்டுவது எப்படி என்றெல்லாம் பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கிறது. வண்டியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் வேட்டைக்காரன் எவ்வளவு தொலைவு போகலாம், எத்தனை நாள் தங்கலாம், கொன்றதில் எவ்வளவைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பவற்றைத் துப்பாக்கியைவிட அவனைச் சுமந்து சென்ற வண்டிதான் முடிவு செய்தது. ஊர் முடிந்து பாதை மறையும் இடத்துக்குப் போக எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது, அதில் எவற்றைப் பூட்டிக்கொள்வது என்ற கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தனுஷ்கோடியில் நின்றுகொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தனுஷ்கோடி வேட்டைக்காடு அல்ல. இராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு மூலையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு மணல் நாக்கு அது. வடக்கே பாக் நீரிணை. கரையோர மீனவர்கள் அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். இரண்டுக்கும் நடுவே காற்று இடம்மாற்றிக்கொண்டே இருக்கும் மணல். காட்டில் ஒரு வண்டியைத் தடுப்பது மரமா, ஓடையா, சரிவா என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கே தடை ஒன்றுதான். ஆகவே வண்டிக்கும் நிலத்துக்கும் இடையிலான பழைய வழக்கு இங்கே மிகத் தெளிவாகக் காதில் விழுகிறது. அதோடு, இந்தக் கரையிலும் ஒரு வேட்டை நடந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

மணலில் வண்டி ஓட்டும் சிக்கல் தமிழுக்குப் புதிதல்ல. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவனின் தேர் மணலோடு படும் பாடு திரும்பத் திரும்ப வருகிறது. சக்கரம் ஈர மணலை அறுத்துக்கொண்டு போகிறது. கழிச் சேற்றில் புதைகிறது. ஓடும் நண்டுகள் அதன்கீழ் நசுங்குகின்றன. கடற்கரையில் தேர் ஓடினால் எதுவோ ஒன்று சாகும் என்பதை அந்தப் புலவர்கள் கவனித்திருந்தார்கள்.

தொலைவழிக்கு வண்டியை ஆயத்தம் செய்வதைப் பற்றியும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 102ஆவதாக இருக்கிறது. அதில் உப்பு வணிகர்களான உமணர் வருகிறார்கள். மாடுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்க நேரலாம், மேட்டில் ஏற நேரலாம். போகும் வழியில் என்ன நேருமென்று யாருக்குத் தெரியும் என்றெண்ணி, அவர்கள் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் சேமஅச்சு. எழினி அத்தகையவன் என்கிறார் ஔவையார். ஓர் இளவரசனைப் புகழ்வதற்கு வண்டிக்கடியில் பிறர் கண்ணில் படாமல் தொங்கும் ஒரு மரத்துண்டைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு துணிச்சலான கற்பனை! பாதையை நம்பிப் பிழைத்த ஒரு கூட்டத்துக்கு அந்த மரத்துண்டின் மதிப்புத் தெரிந்திருந்தது. இன்று நம் ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்று சொல்வதும் அதன் வாரிசுதான். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர் அது. அதன் சொந்த நாட்டில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் ஊர் மெக்கானிக் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

இன்னொரு ஆயத்தமும் உண்டு. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகிறார். கார்காலம் வந்துவிட்டது, தலைவன் வீடு திரும்பும் அவசரத்தில் இருக்கிறான். ஆனாலும் பூத்த சோலையில் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலைந்துவிடுமே என்று அஞ்சி, தேர்மணிகளின் நாக்கைக் கட்டிவிடுகிறான். வண்டியில் ஒன்றைச் சேர்ப்பது மட்டும் ஆயத்தம் ஆகாது, ஒன்றை அடக்குவதும் ஆயத்தம்தான் என்பது இந்தப் பாட்டிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி.

சேமஅச்சு, நாக்குக் கட்டிய மணி ஆகிய இரண்டும் ஒரே மனநிலையிலிருந்து வருகின்றன. போகும் நிலம் தன்னைவிடப் பெரியது, அங்கே தனக்கு முன்பே வாழ்பவை இருக்கின்றன என்று ஒப்புக்கொள்ளும் மனநிலை. பிற்காலத்து வேட்டை வண்டிகளின் கதையைப் படிக்கும்போது இதை ஓர் அளவுகோலாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்டியில் பூட்டப்பட்ட ஒவ்வொரு பொருளையும் பார்த்து, இது திரும்பி வருவதற்கான ஆயத்தமா, எதுவும் தன்னைத் தடுக்காதிருப்பதற்கான ஆயத்தமா என்று கேட்கலாம்.

நெடுங்காலம் வரை இரண்டாவது வகைக்கு இடமே இருக்கவில்லை. சேது யாத்திரை சென்றவர்கள் பெரும்பாலும் நடந்தே சென்றார்கள். வண்டியால் ஆகாததைச் சத்திரங்கள் செய்தன. சேதுபதிகளும் தஞ்சை மராட்டியரும் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் புகழ்பெற்றது. இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் வழியில் இருக்கும் ஊருக்கு இன்றும் முகுந்தராயர் சத்திரம் என்றுதான் பெயர். உணவையும் நீரையும் நிழலையும் யாத்திரிகன் சுமந்து செல்லாமல் பாதையே சுமந்து நின்றது.

வேட்டைக்குப் போனவர்களுக்குச் சத்திரம் இல்லை. அவர்கள் எல்லாவற்றையும் சுமந்தே போகவேண்டியிருந்தது. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் 1840களிலும் 1850களின் தொடக்கத்திலும் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1854இல் ஒரு நூலும் மறு ஆண்டு இன்னொரு நூலும் வெளியிட்டார். அவருடைய வேட்டைப் பயணம் என்பது குதிரைகள், மாட்டுவண்டி, கூடாரம், சமையல் சாமான்கள், சுமைதூக்கிகள், வேட்டைநாய்கள் என்று ஒரு சிற்றூரே நகர்வதைப் போன்றது. அதே தீவில் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். இவர்களிடம் இரக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் இவர்களுடைய வேகம் மாட்டின் வேகம். மழை பெய்தால் வண்டி நிற்கும்; ஆறு பெருகினால் முகாம் நிற்கும்; சுமைதூக்கிகளுக்குக் காய்ச்சல் கண்டால் பயணமே நிற்கும். விலங்குகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு வேட்டைக்காரனின் மனத்திலிருந்து வந்ததல்ல. வண்டியின் இயலாமையிலிருந்து வந்தது.

மோட்டார் கார் வந்தபோது இந்த இயலாமை மெல்லக் குறைந்தது. சமஸ்தான மன்னர்கள் லண்டனுக்கு எழுதி வேட்டைக்கென்றே கார்கள் செய்து வாங்கினார்கள். ராஜஸ்தானத்தின் கோட்டா மன்னர் இரண்டாம் உமேத் சிங்குக்காக 1925இல் செய்யப்பட்ட ரோல்ஸ்ராய்ஸ் நியூ பாண்டம் இவற்றில் மிகப் புகழ்பெற்றது. அதன் உடலைக் கட்டியவர்கள் லண்டன் பார்க்கர் கம்பெனியார். புலி வேட்டைக்கான அந்தக் காரில் துப்பாக்கிகளை நிறுத்திவைக்கத் தாங்கிகள் இருந்தன. கரடுமுரடான காட்டுப் பாதையில் கீழ் கியரில் வலுவோடு ஊர்ந்து செல்வதற்கேற்பப் பல்சக்கர விகிதம் குறைத்து அமைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருட்டைத் துளைக்கும் தேடுவிளக்குகள் இருந்தன. நம் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். குறைந்த விகிதப் பல்சக்கரம் நிலத்தை மதித்துச் செய்யப்பட்டது; மெல்லப் போகவேண்டும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. தேடுவிளக்கு அப்படியல்ல. இரவு என்பது விலங்குகளின் கடைசிப் புகலிடம். அதைப் பறிப்பதற்கென்றே பூட்டப்பட்டது அது.

இங்கே தென்னிந்தியாவில், பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) வேறொரு வகை. ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் பற்றி அவர் எழுதிய கதைகளில் ஸ்டூடிபேக்கர் கார் ஒன்று ஒரு பாத்திரம்போலவே வந்துகொண்டிருக்கும். அன்றைய அமெரிக்கக் கார்கள் அந்நாட்டின் மண்சாலைகளுக்காகச் செய்யப்பட்டவை. தரையிலிருந்து உயரம் அதிகம், வில்கள் தடித்தவை, என்ஜின் பெரியது. சேலம் மாவட்டத்துக் காட்டுப் பாதைகளுக்கு அவை பொருந்தின. ஆண்டர்சனின் கதைகளை மீண்டும் புரட்டினால் ஒன்று தெரியும். கார் அவரைக் காட்டோரச் சிற்றூருக்கோ வன விடுதிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதன்பின் பெரும்பாலும் அவர் நடக்கிறார், காத்திருக்கிறார், கேட்கிறார். அந்தக் கதைகளின் உயிரே அந்த நடையில்தான் இருக்கிறது. கார் நிற்கும் இடத்தில்தான் காடு தொடங்குகிறது.

அந்த எல்லையைத் துடைத்துவிட்டது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் பெருமளவில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப் சுமார் 1,100 கிலோ எடை கொண்டது. 60 குதிரைச் சக்தி என்ஜின். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. வழக்கமான கியர்களுக்குக் கீழே, சேற்றிலும் சரிவிலும் ஊர்ந்து ஏற இன்னொரு தாழ்ந்த கியர் வரிசை. கூரையை மடக்கலாம், முன்கண்ணாடியைச் சாய்த்துவிடலாம். நாலாபுறமும் சுடுவதற்குத் தடையில்லை. போர் முடிந்ததும் ராணுவத்தின் மிகுதி ஜீப்புகள் விற்பனைக்கு வந்தன. 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளை இங்கேயே பூட்டத் தொடங்கியது. மன்னர் மட்டுமே வைத்திருந்த ஆற்றல் இப்போது தோட்ட முதலாளிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கிடைத்தது. பரண் கட்டத் தெரியவேண்டாம், தடம் பார்க்கத் தெரியவேண்டாம், காற்றின் திசை தெரியவேண்டாம். ஒருவர் ஓட்ட, ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் சுட்டால் போதும். ஒளியில் கண்கூசி நிற்கும் மானுக்கு ஓடத் தோன்றாது.

வண்டியும் விளக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1947இல் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தான மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் இரவில் காரில் சென்றுகொண்டிருந்தபோது விளக்கொளியில் மூன்று சிவிங்கிப்புலிகள் தென்பட்டன. மூன்றையும் அங்கேயே சுட்டுக் கொன்றார். அந்தச் செய்தியை வெளியிட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் அதனோடு கடுமையான கண்டனத்தையும் சேர்த்தே வெளியிட்டது. இந்தியாவில் சிவிங்கிப்புலி இருந்ததற்கான கடைசி உறுதியான பதிவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். 1952இல் அது இந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நிலத்தில் மிக வேகமாக ஓடும் விலங்கு, ஓடவும் வாய்ப்பில்லாமல் ஒரு காரின் முன்விளக்கில் முடிந்தது.

இதே காலத்தில் மாற்று வழியில் சென்றவர்களும் இருந்தார்கள். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) கையில் துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குப் போனவர். பல பாகங்களை ஒன்றுசேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட பெரிய புகைப்படக் கருவியோடு முதுமலை போன்ற காடுகளில் வனத்துறை யானைமேல் அமர்ந்து படமெடுத்தார். யானைமேல் வருகிற மனிதனைக் கண்டு மற்ற விலங்குகள் அவ்வளவாக மிரளுவதில்லை. நாக்குக் கட்டிய தேர்மணிக்கு இருபதாம் நூற்றாண்டில் நேரான உவமை தேடினால் இதைத்தான் சொல்லவேண்டும்.

வேட்டையில் வண்டியின் பங்கைச் சட்டமும் உணர்ந்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டையை அடியோடு தடை செய்துவிடவில்லை. உரிமம் பெற்று வேட்டையாட வழி வைத்திருந்தது. ஆனால் அதன் 17ஆம் பிரிவு வண்டியைத் தனியாக எடுத்துப் பேசியது. நிலத்திலோ நீரிலோ செல்லும் சக்கர வண்டியிலிருந்தும் எந்திர வண்டியிலிருந்தும் வானூர்தியிலிருந்தும் வேட்டையாடக் கூடாது என்றது. மோட்டார் வண்டியாலோ விசைப்படகாலோ விலங்குகளை விரட்டக் கூடாது என்றது. செயற்கை ஒளியையும் இரவு வேட்டையையும் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம வேட்டையையே நீக்கியபோது இந்தப் பிரிவும் வேண்டாததாகி மறைந்தது. சட்டம் எழுதியவர்கள் நீரில் செல்லும் வண்டியையும் மறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, தனுஷ்கோடிக்குத் திரும்பலாம்.

நிலமெங்கும் ஜீப் வென்றுகொண்டிருந்த காலத்தில் இந்த மணல் நாக்கில் நடந்தது நேர் எதிரானது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து 'போட் மெயில்' தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் போகலாம். மணலை வெல்ல ரயில் கண்ட வழி, மணலைத் தொடாமலே செல்வது. தண்டவாளம் என்பது வண்டி தன்னோடு கொண்டுவந்த தரை. ஐம்பது ஆண்டுகள் அது செல்லுபடியானது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் கொண்டுபோயிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலம் விரைவில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை. 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கே சாலைத் தொடர்பு கிடையாது. ரயிலிலோ படகிலோ ஏற்றினாலொழிய ஒரு கார் இந்தப் பக்கம் வர இயலாது.

பாலம் வந்த பின்னும் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்தது. அதற்கப்பால் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் மணலும் கழிமுகத் தண்ணீரும்தான். மின்சாரமில்லாத குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்தன. அவர்களுடைய மீனையும் பிறகு சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப்புகளும் வேன்களும் அந்த மணலில் ஓடின. இந்த வண்டிகளை ஓட்டியவர்கள் மணலிடமிருந்தே பாடம் படித்தவர்கள்.

பாடம் எளிது, கைவருவதுதான் கடினம். உலர்ந்த மணலில் துகளுக்குத் துகள் பிடிப்பு இல்லை. அழுத்தினால் விலகி ஓடும். நீர் ஊறிய மணலில் துகள்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆகவே அலை வந்து திரும்பிய ஈரப்பட்டையில் வண்டி ஓடும். நாலடி தள்ளி உலர்மணலில் புதையும். நீர் அதிகமாகிவிட்டால் அதே மணல் கூழாகிவிடும். டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் அகலமும் நீளமுமாகப் படிகிறது; பாரம் பரவுகிறது. சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரத்தின் முன்னால் மணல் குவியும். புதைந்த பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி மண்ணை வாரிவிட்டு, சக்கரத்தின் அடியில் ஓலையோ பலகையோ கொடுத்து, மெல்ல எடுக்கவேண்டும். ஜாக்கி வைத்தால் ஜாக்கியே மணலில் இறங்கிவிடும் என்பதால் அதற்கும் அடியில் ஒரு கட்டை வேண்டும். திரும்பியதும் உப்பு நீர் போகக் கழுவாவிட்டால் வண்டியின் அடித்தகடு சில ஆண்டுகளில் துருவாக உதிரும்.

இதே பாடத்தை வேறொரு மணலில் படித்தவர் ரால்ஃப் பேக்னால்ட். 1920களின் பிற்பகுதியில் கெய்ரோவிலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அவர். வேண்டாத பாரத்தையெல்லாம் காரிலிருந்து கழற்றினார். டயரில் காற்றைக் குறைத்தார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகட்டு வாய்க்கால்களை எடுத்துச் சென்றார். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகும் நீரை ஒரு கலத்தில் பிடித்துக் குளிரவைத்து மீண்டும் உள்ளே அனுப்பினார். மணல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1941இல் காற்றடி மணலின் இயற்பியலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மணலை ஆராய்பவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பேக்னால்டின் இரும்புத் தகடும் தனுஷ்கோடி வேனின் ஓலையும் உமணரின் சேமஅச்சும் ஒரே குடும்பம். மூன்றும் திரும்பி வருவதற்கான ஆயத்தங்கள்.

மணல் இப்படித் தடுத்து நின்ற காலத்தில், அதன் இருபுறமும் இருந்த கடலில் வண்டி தடையில்லாமல் முன்னேறிக்கொண்டிருந்தது. இந்தக் கரையின் வேட்டை அங்கேதான் நடந்தது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் படுகைகள் பரந்திருக்கின்றன. அவற்றை மேய்ந்து வாழ்வது கடற்பசு. மீனவர் பேச்சில் ஆவுளியா. மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாகவேண்டிய பாலூட்டி. நெடுங்காலம் இறைச்சிக்காக அது வேட்டையாடப்பட்டது. கீழக்கரைப் பக்கத்தில் அதன் இறைச்சி விற்பனையானது. பாய்மர வள்ளத்தில் சென்று வலையால் பிடித்த காலத்தில் காற்றும் அலையும் அந்த வேட்டைக்கு வரம்பு கட்டின. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு கடல் மூடும், கச்சான் காற்றில் மற்றது மூடும். 1960களிலிருந்து பெருகிய விசைப்படகுகளும் இழுவலைகளும் அந்த வரம்பை உடைத்தன. இழுவலை கடற்பசுவைத் தேடிப் போகவில்லை, இறாலைத்தான் தேடிப் போனது. ஆனால் அது கடலடியை வாரிச் செல்லும்போது கடற்புல்லும் சேர்ந்து வந்தது. மேய்ச்சல் நிலத்தை உழுதுவிட்டால் பசுவைத் தனியே கொல்லவேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டுச் சட்டம் கடற்பசுவை முதல் அட்டவணையில் வைத்தது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா உருவானது. 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஓர் உயிர் அருகிப்போய் நெடுநாள் கழித்துத்தான் அதற்குரிய இடத்தை நாம் வரைபடத்தில் குறிக்கிறோம். நிலத்தில் சிவிங்கிப்புலிக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

மணலின் தடையும் இப்போது முடிந்துவிட்டது. 2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தேசிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. நோயாளியை ஏற்றிச் செல்ல வண்டிக்காகக் காத்திருந்த மீனவக் குடும்பங்களுக்கு அந்தச் சாலை தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் 1964 முதல் 53 ஆண்டுகள் இந்த நாக்கைக் காத்து நின்ற மணல் அன்றோடு தன் வேலையை இழந்தது. காற்றுக் குறைத்த டயர் வேண்டாம், ஓலை வேண்டாம், வழி தெரிந்த ஓட்டுநரும் வேண்டாம். எந்தக் காரிலும் யாரும் கடைசி வரை போகலாம். அந்தக் கழிகளில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குகின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கரையில் கடலாமைகள் ஏறி முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கடல்மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வழி கண்டுகொள்கிறது. கரையில் அதைவிடப் பிரகாசமான விளக்கு எரிந்தால் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்ந்துவிடும். ஒரு காரின் முன்விளக்கு யாரையும் வேட்டையாடும் எண்ணமில்லாமலே அந்த வேலையைச் செய்துவிடக்கூடும்.

வேட்டை சட்டத்தால் முடிந்துவிட்டது. வேட்டை வண்டி முடியவில்லை. உயரமான சக்கரமும் கூரைமேல் வரிசையாக விளக்கும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட வண்டிகளை விளம்பரங்கள் இன்றும் அதே ஆசையைக் காட்டித்தான் விற்கின்றன: எதுவும் உங்களைத் தடுக்காது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஒரு பறவையையும் சுடப்போவதில்லை. ஆனாலும் கொரியா மன்னரின் காரும் கோட்டா மன்னரின் காரும் விட்டுச் சென்ற பழக்கம் அந்த விளக்குகளில் இருக்கிறது. உமணர்கள் விட்டுச் சென்ற பழக்கம் வண்டியின் பின்புறம் ஒரு மூலையில், காற்றுப் பார்க்க யாருக்கும் நினைவில்லாத ஸ்டெப்னியில் இருக்கிறது.

தொலைவிடத்துக்குச் செல்ல வண்டி தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது இவ்வளவுதான். மாற்றுச் சக்கரத்தைச் சரிபாருங்கள். மண்வெட்டியும் ஒரு பலகையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை விளக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு மிச்ச தூரத்தை நடந்து போங்கள். அங்கே மணல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.